மூன்றாம் ஷிப்டின் சுருதி

இன்னும் இருபது நிமிடம் என்று யாரோ கதவிடுக்கில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். இருபது நிமிடத்தில் என்ன செய்ய முடியும் என்று திருமூர்த்தி யோசித்தார். ஒரு ஈடு இட்லி வேகும். சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் டவுனுக்குப் பாதி தூரம் போய்விடலாம். நாற்பத்தெட்டு வருஷமாகப் பாட்டுக்காரன் என்று பேர் வாங்கிய ஒருவர் தன் கிடாரின் ஆறு கம்பிகளையும் மூன்று தடவை அவிழ்த்து முறுக்கலாம். எதற்குச் சேர்த்து முறுக்குவது என்று தெரிந்தால் அல்லவா முறுக்குவதற்கு. கிடார் மடியில் கிடந்தது. கம்பிகள் வேண்டுமென்றே தளர்த்தி விடப்பட்டிருந்தன, ஏனென்றால் மூன்றாம் ஷிப்டு என்கிற ராக் இசைக்குழுவில் மேடைக்குப் போவதற்கு முன்னால்தான் கம்பி முறுக்குவது வழக்கம், அதற்கு முன்னால் முறுக்கினால் வெள்ளிங்கிரிக்குக் கோபம் வரும், இப்போது வெள்ளிங்கிரியும் இல்லை, கோபமும் இல்லை, இருந்தாலும் முறுக்கக் கை வரவில்லை. எதிர் நாற்காலியில் இன்னாசி இரண்டு டிரம் குச்சிகளையும் தொடை மேல் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கென்ன, அவனுக்குச் சுருதி வேண்டாம், தட்டினால் சத்தம் வரும். மூலையில் நின்ற கௌதமன், வெள்ளிங்கிரியின் இடத்தில் பேஸ் கிடார் வாசிக்கச் சென்னையிலிருந்து வந்திருப்பவர், நாற்பத்தைந்து வயதுக்காரர், பதவிசான ஆள், தன் போனைத் தூக்கிப் பிடித்து ஒரு கம்பியைத் தட்டினார். போனில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் சரி என்று அர்த்தமாம். யாருக்குச் சரி என்று திருமூர்த்தி மனதுக்குள் கேட்டுக்கொண்டார், வாய்விட்டுக் கேட்டால் கிழவனுக்குக் குசும்பு என்பார்கள். "மூர்த்தி சார்," என்றார் கௌதமன், "நீங்க எங்க நின்னாலும் நான் அங்க வந்து நின்னுடறேன். எங்கன்னு மட்டும் சொல்லிடுங்க." அதுதானே தெரியவில்லை, ராசா. அது தெரிந்த ஒரே ஆளைக் கொண்டுபோய் எரித்துப் பதினாலு மாசம் ஆகிறது.

எங்கே நிற்கிறோம், எந்தச் சுருதியில் என்பது அவர்களுக்கு ஒருநாளும் ஒரு கேள்வியாக இருந்ததில்லை. மில் சங்கு எங்கே நின்றதோ அங்கே நின்றார்கள். அவர்கள் மூன்று பேரும் பிறந்து வளர்ந்தது மரகதாம்பிகை மில்லின் லைன் வீடுகளில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம் அந்தப் பக்கம் ஒரு குடும்பம். காலை ஏழரைக்குச் சங்கு ஊதும். ஐந்து வயதில் அதை முதல் முதலாகக் கவனித்துக் கேட்டது இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. அதற்கு முன்பும் கேட்டிருப்பார், வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்டிருப்பார், ஆனால் அன்றைக்குத்தான் அது என்ன செய்கிறது என்று பார்த்தார். அப்பா தின்பண்டம் எதையோ மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார், சங்கு ஊதியது, அப்பா எழுந்து நின்றார். மென்றதை விழுங்கவில்லை, நின்றார். வாசலுக்கு ஓடிப் பார்த்தால் எதிர் வீட்டில் இன்னாசியின் அப்பா நின்றார், பக்கத்து வீட்டில் ஒரு காலில் செருப்போடு வெள்ளிங்கிரியின் அப்பா நின்றார், லைன் முழுக்க ஆம்பளைகள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் யாருக்கும் சொல்லவில்லை, கயிறு கட்டி மேலே இழுத்த மாதிரி அத்தனை பேரும். ஆயிரத்தைந்நூறு பேரை ஒரு சத்தம் தூக்கி நிறுத்துகிறதே என்று அந்தச் சின்ன வயசில் மலைத்துப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமி இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் பின்னாளில் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. ஆனால் சத்தத்துக்கு ஒரு கை உண்டு, அது ஆளைத் தொட்டு எழுப்பும் என்பதில் அவருக்கு அன்றிலிருந்து சந்தேகம் வந்ததே இல்லை. அதனால்தான் கிடாரைத் தொட்டார். அதனால்தான் வேறு எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்தது அவர்கள் கணக்கில் வராது போலிருக்கிறது.

"ஏனுங்ணா, சுக்கு காப்பி ஊத்தட்டுங்களா? ஆறிப் போச்சுன்னா நல்லாருக்காதுங்." மயிலாத்தாள் பிளாஸ்கைத் திறந்துகொண்டே கேட்டாள். வெள்ளிங்கிரியின் சம்சாரம். இந்த அறையில் அவள் உட்கார்ந்திருப்பதே ஒரு அதிசயம், முப்பத்தெட்டு வருஷக் கலியாணத்தில் அவள் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. "ஊத்து அம்மிணி," என்றார். அவள் நாலு டம்ளரில் ஊற்றினாள், ஊற்றிவிட்டு எண்ணிப் பார்த்தாள், கௌதமன், இன்னாசி, திருமூர்த்தி, நாலாவதைத் தானே எடுத்துக்கொண்டாள். "நீங்கெல்லாம் சேந்து கத்தறது எனக்கு எப்பவுமே பிடிபட்டதில்லீங். வரோணும்னு தோணுச்சு, வந்துட்டேன். முன்னாடி உக்காரச் சொல்லிருக்காங்க, காது வலிச்சா எந்திருச்சுப் போயிக்கலாமுங்களா?" இன்னாசி சிரித்தான். வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்து இடது காதைப் பறிகொடுத்தவன், அவன் சிரிப்பு எப்போதும் தேவைக்கு மேல் சத்தமாக இருக்கும். "எனக்கே ஒரு காது போச்சு அம்மிணி, நான் எந்திருச்சா போறேன்?" சுக்கு காபி தொண்டையில் இறங்கி நெஞ்சு வரைக்கும் சுட்டது. இதே பக்குவம். வெள்ளிங்கிரி தன் கையால் போட்டுக்கொண்டு வருவான், மேடைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு டம்ளர், குடித்துவிட்டுத் தொண்டையைக் கனைப்பான், கனைத்துவிட்டு இழுப்பான். ம்ம் என்று ஒரே ஒரு சத்தம். சங்கு. மில் சங்கின் அதே இடம், ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இல்லாமல். மூன்று பேரும் தங்களை அறியாமல் எழுந்து நிற்பார்கள், நின்றபடியே திருமூர்த்தி கம்பி முறுக்குவார், முறுக்கி முடித்ததும் மேடைக்குப் போவார்கள். இருபது வருஷம் அப்படித்தான். கீபோர்டுக்காரர்கள் நாலைந்து பேர் சேர வந்தார்கள், ஒருவரும் தங்கவில்லை, ஏனென்றால் அந்தச் சுருதி கீபோர்டில் இல்லை, இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கிற இடுக்கில் இருந்தது. உலகத்துக்குக் கொஞ்சம் கீழே பாடுகிறீர்கள் என்று ஒருவர் சொன்னார். உலகம் கொஞ்சம் மேலே இருக்கு, நாங்க என்ன பண்றது என்றான் வெள்ளிங்கிரி.

சுருதியைப் பார்க்கிற கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கலாம். ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருக்கலாம். போனில் பிடித்து வைத்திருக்கலாம். இந்த மூன்று லாம்களையும் திருமூர்த்தி பதினாலு மாசமாக மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறார், எப்படி அடுக்கினாலும் தான் ஒரு முட்டாள் என்பதில்தான் வந்து முடிகிறது. கேசட் ஒன்று இருக்கிறது, எண்பத்தாறில் சென்னையில் போட்டது, அதைத்தான் யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டு இப்போது இத்தனை கூட்டம். ஆனால் அந்தக் கேசட்டுக்குப் பாடும்போது ஸ்டுடியோக்காரர் பிடிவாதமாகத் தன்னுடைய சுருதிக்கு அவர்களை ஏற்றிவிட்டார், அதனாலேயே அது எங்கள் பாட்டு இல்லை என்று மூவரும் வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிந்தார்கள். கச்சேரிகளில் யாராவது டேப் ரிக்கார்டரில் பிடித்தவை ரெண்டு மூன்று கிடைத்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடியது, ஒன்றில் திருமூர்த்தியே பொம்பளைக் குரலில் பாடினார், இன்னாசி அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தான், அவனோடு சேர்ந்து தானும் சிரித்துவிட்டு அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. தொண்ணூற்றைந்தில் மில்லை மூடினார்கள், சங்கைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அப்போதும் யாரும் கவலைப்படவில்லை. சங்கு போனால் என்ன, வெள்ளிங்கிரி இருக்கிறானே. இரண்டு வருஷத்தில் குழுவும் கலைந்தது, பெரிய சண்டை ஒன்றும் இல்லை, ஆளுக்கு ஆள் பிள்ளைகுட்டி, பள்ளிக்கூட ஃபீஸ், முட்டிவலி. இருபத்தேழு வருஷம் கழித்து மறுபடியும் வாசிக்கலாம் என்று ஊர் ஊராகக் கூப்பிட்டபோது மூன்று பேரும் வெள்ளிங்கிரியின் பம்பு மோட்டார் ரிப்பேர் ஷெட்டில் கூடினார்கள். இருபத்தேழு வருஷம். ஒரு மனுஷன் தன் அப்பாவின் குரலையே மறந்துவிடக்கூடிய காலம் அது. வெள்ளிங்கிரி கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான், காதைச் சொறிந்தான், ம்ம் என்றான். இன்னாசி எழுந்து நின்றான். திருமூர்த்தியும் நின்றுகொண்டிருந்தார், எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது, அறுபத்துநாலு வயசு முட்டி வலிக்காமல் எழுந்து நின்றது. அந்த நிமிஷம் ஷெட்டே கோயிலாகிவிட்டது என்று சொன்னால் இன்னாசி கேலி பண்ணுவான், ஆனால் அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அவர் பார்த்தார். ஒரு சாதாரண ஆள், மோட்டார் காயில் சுற்றுகிறவன், மஞ்சள் பையில் தேங்காய் பன் வாங்கி வருகிறவன், அவன் தொண்டைக்குள் ஒரு மில் முழுசாக நின்றுகொண்டிருந்திருக்கிறது, கட்டடம் இடிந்து அங்கே அடுக்குமாடி வந்த பிறகும். "எப்படிறா?" என்று கேட்டதற்கு, "எங்கீடா போவுது அது? தெனமும் வூட்டப் பூட்டிட்டுக் கெளம்பறப்ப வாய்ல வருமாட்ட இருக்குது, நானென்ன கண்டேன்," என்றான். மூன்று மாசம் அந்த ஷெட்டில் ஒத்திகை நடந்தது. ஒரு நாள்கூட ஒருவரும் அதைப் பதிவு செய்யவில்லை. இருக்கிற ஆளை யாராவது பிடித்து வைத்துக்கொள்வார்களா?

பதினைந்து நிமிடம் என்று கதவிடுக்கு சொன்னது. திருமூர்த்தி எழுந்து போய்ப் பக்கவாட்டுத் திரையை விலக்கிப் பார்த்தார், பார்த்திருக்கக் கூடாது. அரங்கம் நிரம்பி மாடிப்படிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள், இந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இராதவர்கள், முன்வரிசையில் ஒரு பெண் போட்டிருந்த பனியனில் வெள்ளிங்கிரியின் முகம், எண்பத்தாறாம் வருஷத்து மீசையோடு. அந்தப் பனியனை அவள் துவைப்பாள், காயப்போடுவாள், இஸ்திரி போடுவாள். மோட்டார் ரிப்பேர் பண்ணியவன் முகத்தை யாரோ ஒருத்தி இஸ்திரி போடுகிறாள் என்பதை நினைத்தபோது திருமூர்த்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளுக்குப் பின்னால் ஏழெட்டுக் கிழவர்கள், தோளில் துண்டு, கால்களை அகட்டி உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது மில்காரர்கள் என்று. அவர்களுக்கு ராக்காவது ஒன்றாவது. அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், சங்கைத் திரும்பக் கேட்க, அதுதான் பயம். முதல் பாட்டு 'பஞ்சு மழை'. டிரம்ஸ் இல்லை, கிடார் இல்லை, வெறும் குரலில் அவர்தான் ஆரம்பிக்க வேண்டும், 'பஞ்சு பறக்குது பாரு, எங்கப்பன் தலை வெளுக்குது பாரு' என்று இரண்டு வரி, அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள். அந்த இரண்டு வரி போன மாசம் ஒத்திகையில் வரவில்லை. போன் காட்டிய சுருதியில் கம்பியை முறுக்கிப் பாடினார், மூன்றாவது வார்த்தையில் குரல் உடைந்தது. அரை இழை கீழே இறக்கினார்கள், உடைந்தது. மேலே ஏற்றினார்கள், உடையவில்லை, ஆனால் வேறு யாரோ பாடுகிற மாதிரி இருந்தது, கல்யாண வீட்டில் சம்பளத்துக்குப் பாடுகிறவன் மாதிரி. கௌதமன் ரொம்பப் பொறுமையாக, "நல்லாத்தான் இருக்கு சார்," என்றார். இன்னாசி குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "என்றா இது, போன் சொல்ற எடத்துல நாம போயி நிக்கோணுமா? நாம நிக்கற எடத்துல போன் வாயப் பொத்திட்டு நிக்கட்டும்." நின்றால்தானே, இன்னாசி. திருமூர்த்தி ஒரு முடிவு பண்ணி வைத்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. இந்த அறையில் அது வராவிட்டால் தனியாகப் போய் மேடையில் நின்று கும்பிடுவார். மன்னிச்சுக்குங்க, எங்களுக்கு இது இனிமேல் முடியாது என்று சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அடுத்து பெங்களூரும் வேண்டாம், கொச்சியும் வேண்டாம், சென்னையும் வேண்டாம். அந்தப் பனியன்காரி திட்டுவாள், திட்டட்டும். அந்தக் கிழவர்கள் ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள், அதைத்தான் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அவன் மாஸ்க்கை எடுத்தான். இதோ வந்துவிட்டது, இதைத்தான் நினைக்கக் கூடாது என்று இருந்தார், இதுவரை நன்றாகத்தான் தள்ளிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், சாயங்காலம் நாலு மணி, வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டில் மேல் கோடு போட்டிருந்தது. வெள்ளிங்கிரியின் மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க். அவன் திருமூர்த்தியைப் பார்த்தான், கையை மெதுவாகத் தூக்கினான், மாஸ்க்கை எடுத்தான், ம் என்று ஏதோ ஆரம்பித்தான். ஒரு நொடிகூட இருக்காது. "பேசாதறா, மூச்சு உடு, அதெல்லாம் அப்பறம்," என்று சொல்லித் திருமூர்த்தி அந்த மாஸ்க்கைத் திரும்ப வைத்து அழுத்தினார். தன் கையால். கிடார் வாசிக்கிற கையால். வெள்ளிங்கிரி கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. அது என்ன ம்? வலியா, தண்ணீர் கேட்டானா, மயிலு என்று கூப்பிட வந்தானா, இல்லை அதைக் கொடுக்க வந்தானா, இந்தா, வச்சுக்கடா என்று? வலி என்று ஒரு வாரம் நம்புவார். மயிலு என்று ஒரு வாரம் நம்புவார். சவத்தை எடுக்கும்போது ஊதின சங்கைக்கூட, அந்த இடத்தில் நின்றுகொண்டு, இந்தச் சங்கு எந்தச் சுருதியில் இருக்கிறது, அதுவா, அதற்கு மேலேயா என்று காது தானாக அளந்தது, மேலே இருந்தது, ரொம்ப மேலே, அந்த நேரத்தில் அதை அளந்ததற்காகத் தன்னையே அவர் இன்னும் மன்னிக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு இன்னாசிதான் வெட்கத்தை விட்டு மயிலாத்தாளிடம் கேட்டான். "அம்மிணி, அவன் ஒரு சத்தம் இழுப்பானே, மேடைக்குப் போறதுக்கு முன்னால, உனக்குத் தெரியுமா?" அவள் புரியாமல் பார்த்தாள். "எனக்குப் பாட்டெல்லாம் என்னங்ணா தெரியும். சாமி பாட்டே ரெண்டு வரிக்கு மேல வராது." அவ்வளவுதான், கடைசிக் கதவும் சாத்தியது. அதற்கப்புறம் திருமூர்த்தி தனியாகக் குளியலறையில் நின்று எத்தனை ம் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றும் அதுவாக இருந்தது, ஒவ்வொன்றும் அதுவாக இல்லை. வாய் சொன்னதற்குக் கால் எழுந்திருக்கவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிற காலை எப்படிச் சோதிப்பது என்பதும் பெரிய கேள்வி. உட்கார்ந்துகொண்டு சொல்லிப் பார்த்தார். ஸ்டூல் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையைத் திருகின் மேல் வைத்துக்கொண்டு. ஏழு நிமிடம். வெளியே கூட்டம் கை தட்டத் தொடங்கியது, ஒரே சீராக, தரையில் அதிர்வு வந்து செருப்பு வழியாகக் கணுக்காலில் ஏறியது. இன்னாசி அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்திருந்தது. திருமூர்த்தி சொல்லாத முடிவுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது, அறுபது வருஷமாகக் கூடவே இருந்தவன். "மூர்த்தி, நீ எங்க வெச்சாலும் நான் தட்டறேன். தப்பா இருந்தாலும் தட்டறேன்," என்றான், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னான். அதைக் கேட்டு மயிலாத்தாள் என்ன நினைத்தாளோ, ஆம்பளைகளுக்கு நடுவில் தான் இருப்பது இடைஞ்சல் என்று தோன்றியிருக்க வேண்டும், டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, "சரிங்ணா, நான் போயி முன்னாடி உக்காந்துக்கறேன்," என்று எழுந்தாள். பிளாஸ்கை மூடினாள். பையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. போன் இருந்தது. வீட்டுச் சாவியைக் காணோம் போலிருக்கிறது, பைக்குள் கையை விட்டு அடியில் துழாவினாள், துழாவிக்கொண்டே, தலையைக் குனிந்துகொண்டே, அவளுக்கே தெரியாமல், ம்ம் என்று இழுத்தாள்.

இன்னாசி எழுந்து நின்றான். குச்சி இரண்டும் தொடையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தன. ஏன் எழுந்தோம் என்று தெரியாத முகத்தோடு நின்றான், வலது காதை அந்தப் பக்கம் திருப்பினான், பிறகு தெரிந்துகொண்டான். திருமூர்த்தி அவனைப் பார்த்தார், பார்க்கும்போது இருவருடைய கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தது, அப்படியென்றால் தானும் நிற்கிறோம். மயிலாத்தாள் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் இழுத்தாள், பையின் இன்னொரு அறைக்குள் கை போனது. பொம்பளைக் குரல், மெல்லிசு, ஒரு ஸ்தாயி மேலே, ஆனால் இடம் அதே இடம், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கிற அந்த இடுக்கு. கூப்பிட்டுவிடாதே என்று திருமூர்த்தி தன்னையே அதட்டினார். மயிலு என்று சொன்னால் நிறுத்திவிடுவாள், நிறுத்திவிட்டு என்னங்ணா என்பாள், மறுபடியும் சொல்லு என்றால் வராது, எனக்கென்ன பாட்டு தெரியும் என்பாள். கௌதமன் எதற்கோ வாயைத் திறந்தார், இன்னாசி கையை நீட்டி அவர் வாயையே பொத்திவிட்டான், ரொம்ப மரியாதையான மனுஷன் அவர், அப்படியே நின்றார். திருமூர்த்தி தடித்த கம்பியைக் கட்டை விரலால், நகம் படாமல், சதையால் மட்டும் தொட்டார். கீழே இருந்தது. திருகைக் கொஞ்சம் முறுக்கினார். முப்பத்தெட்டு வருஷம் அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் இவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள், ஒருநாளும் அது ஒரு பாட்டு என்று நினைத்ததில்லை, சாவி தேடுகிற சத்தம் என்று நினைத்திருக்கிறாள், அவன் போன பிறகு சாவி தேடுகிற வேலை அவளுக்கு வந்தது, அந்தச் சத்தமும் சேர்ந்து வந்திருக்கிறது. எங்கெல்லாம் தேடினோம். கேசட்டில் தேடினோம், குளியலறையில் தேடினோம். இங்கே சுக்கு காபி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் மூன்றாவது தடவை மூச்சு எடுத்து ஆரம்பித்தபோது, அந்த ஆரம்பம், ம் என்று உதடு மூடிச் சத்தம் கிளம்புகிற அந்த முதல் இழை, அதை அவர் கேட்டிருக்கிறார். நாலு மணி வெயிலில் கேட்டிருக்கிறார். அது வலி இல்லை. அது தண்ணீர் இல்லை, மயிலு இல்லை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்ப அவன் தன் சாவியைத் தேடினானோ, கொடுக்க வந்தானோ, இரண்டும் ஒன்றேதானோ. அன்றைக்கு அவர் கையால் அழுத்தி நிறுத்திய இடத்திலிருந்து அது இப்போது மிச்சத்தைப் பாடிக்கொண்டு போனது. திருமூர்த்திக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்து மூக்கின் ஓரமாக இறங்கிக் கிடாரின் மேல் சொட்டியது, அவர் துடைக்கவில்லை, துடைக்க ஒரு கை வேண்டும், இரண்டு கையும் கம்பியில் இருந்தன. இன்னும் ஒரு மயிரிழை. கம்பி ஏறியது, ஏறியது, அவள் குரலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததும் இரண்டும் தனித்தனியாகக் கேட்கவில்லை.

சாவி கிடைத்துவிட்டது. மயிலாத்தாள் நிமிர்ந்தாள். அறையில் மூன்று ஆம்பளைகளும் அசையாமல் நிற்பதையும், இன்னாசியின் கை இன்னும் கௌதமன் வாய் மேல் இருப்பதையும், திருமூர்த்தி அழுவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒன்றும் விளங்கவில்லை. "என்னங்ணா, எல்லாரும் எதுக்கு எந்திருச்சு நிக்கறீங்? நேரமாச்சுங்களா?" திருமூர்த்தி தடித்த கம்பியை ஒரு தடவை, இந்தத் தடவை நன்றாக, தட்டினார். அது நின்றது. அதற்கு மேல் போனும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். கௌதமன் வாய் விடுபட்டதும் ஒரு வார்த்தை கேட்காமல் தன் பேஸ் கிடாரை எடுத்து அந்தச் சத்தத்தின் மேல் காதை வைத்து முறுக்கத் தொடங்கினார். இன்னாசி குனிந்து குச்சிகளைப் பொறுக்கினான். "ஆச்சு அம்மிணி," என்றான், அறை முழுக்கக் கேட்கும்படி. "சங்கு ஊதியாச்சு."

"எப்பங்? எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்களே," என்றாள் மயிலாத்தாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு.